பிழை திருத்தும் ரேம்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக் கணினியில் இசிசி ரேம் (பிட் பிழைகளைக் கண்டு திருத்த உதவும் நினைவகம்) போடுவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டோம்.

கேள்வி: வங்கி சர்வர், மருத்துவமனை சர்வர் என்றால் சரி. படமும் பாட்டும் சேர்த்து வைக்கிற வீட்டுக் கணினிக்கு இசிசி எதற்கு?

பதில்: விளையாடவும் இணையம் பார்க்கவும் மட்டும் கணினி என்றால் வேண்டாம். ஒரு பிட் புரண்டால் (0 என்பது 1 ஆகவோ, 1 என்பது 0 ஆகவோ மாறினால்) ஏதாவது ஒரு நிரல் நின்றுபோகும், திரும்பத் தொடங்கிக்கொள்வீர்கள், அவ்வளவுதான். பல வருடப் படங்களையும் கணக்குகளையும் வைத்திருக்கும் கணினியில் ஆபத்து வேறு விதமானது. எதுவும் நிற்காது, எந்த எச்சரிக்கையும் வராது, தவறான மதிப்பு அப்படியே வட்டுக்குப் போய் எழுதப்பட்டுவிடும். 5,000 என்று நினைவகத்தில் இருக்கும் ஓர் எண்ணில் (0-லிருந்து எண்ணி) இருபதாம் பிட் மட்டும் புரண்டால் அது 10,53,576 ஆகிவிடும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும் என்பது ஓர் ஆறுதல். கீழ் பிட்டுகளில் ஒன்று புரண்டால் அதுவும் கிடையாது. அடுத்த காப்பு நகலிலும் அதே தவறு ஏறிவிடும்.

இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? கூகுளும் டொரான்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து கூகுளின் சர்வர்களைக் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களிலும், 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் பலகைகளிலும் திருத்தக்கூடிய பிழை ஒன்றாவது பதிவாகியிருந்தது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பிழைகள் எல்லா இயந்திரங்களிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை, சில பலகைகளே திரும்பத் திரும்பப் பிழை செய்தன. விண்வெளியிலிருந்து வரும் கதிர்தான் காரணம் என்று பலரும் சொல்வது கேட்கச் சுவையாக இருக்கும். நடைமுறையில் உங்களுக்கு வரக்கூடிய தொல்லை பெரும்பாலும் பழுதாகிக்கொண்டிருக்கும் ஒரு சிப்தான். இசிசியின் பெரிய பயனும் இங்கேதான் இருக்கிறது. பிழையைத் திருத்துவதோடு, எந்தப் பலகை கெட்டுவருகிறது என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். காப்பு நகல் இல்லாதவர் இசிசிக்குச் செலவழிக்கக் கூடாது. முதலில் இன்னொரு வட்டு வாங்குங்கள்.

கேள்வி: இசிசி என்பது எப்படி வேலை செய்கிறது? சுருக்கமாகச் சொல்லவும்.

பதில்: சாதாரண ரேமில் ஒரே நேரத்தில் 64 பிட் போய்வரும். இசிசி ரேமில் அதோடு 8 சோதனை பிட்டுகளும் சேர்ந்து 72. ரிச்சர்ட் ஹேமிங் 1950-ல் வெளியிட்ட முறையின் வழிவந்த கணக்கு இது. 64 பிட்டில் எந்த ஒரு பிட் தவறினாலும் அது எது என்று கண்டுபிடிக்க 7 சோதனை பிட் போதும். எட்டாவது, இரண்டு பிட் ஒன்றாகத் தவறியதை அடையாளம் காண. ஆக, ஒரு பிட் தவறினால் திருத்தப்படும். இரண்டு தவறினால் திருத்த முடியாது, ஆனால் தெரிந்துவிடும், கணினி அந்த இடத்திலேயே நிறுத்தப்படும். விண்டோஸில் அது நீலத்திரையாக வரும். இந்தக் கணக்கைப் போடுவது ரேம் பலகை அல்ல என்பதை நினைவில் வையுங்கள். பிராசஸருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்திதான் போடுகிறது. கூடுதல் 8 பிட்டைப் பத்திரமாக வைத்திருப்பது மட்டுமே பலகையின் வேலை. கீழே வரும் பெரும்பாலான சிக்கல்களுக்கு இதுதான் வேர்.

கேள்வி: டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேமில் இசிசி உள்ளேயே வந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்கிறார். பிறகு ஏன் தனியாக வாங்கவேண்டும்?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. டிடிஆர்5 சிப் ஒவ்வொன்றின் உள்ளேயும் 128 பிட்டுக்கு 8 சோதனை பிட் என்ற கணக்கில் ஒரு திருத்தம் நடக்கிறது. பிட்டுகளை வைத்திருக்கும் செல்கள் மிகச் சிறியதாகிவிட்டதால், அது இல்லாமல் சிப்புகளைப் போதிய அளவில் தேற்றி எடுப்பது கடினம். அதாவது, உற்பத்தியாளரின் வசதிக்காக வைத்த ஏற்பாடு. அதில் இரண்டு குறைகள். சிப்பிலிருந்து பிராசஸர் வரை போகும் வழியில் ஒரு பிட் கெட்டால் அதற்குத் தெரியாது. உள்ளே எத்தனை முறை திருத்தியது என்று இயங்குதளத்துக்குச் சொல்லாது, ஆகவே சிப் கெட்டுவருவது உங்களுக்கும் தெரியாது.

உண்மையான இசிசி கொண்ட டிடிஆர்5 பலகையில் கூடுதல் சிப்புகள் இருக்கும். டிடிஆர்5-ல் ஒரு பலகை 32 பிட் அகலமுள்ள இரண்டு துணைத் தடங்களாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை பிட் வேண்டும். டிடிஆர்4-ல் எட்டுக்கு ஒன்று கூடுதலாக இருந்தது இங்கே பெரும்பாலும் எட்டுக்கு இரண்டு. டிடிஆர்5 இசிசி பலகைகளின் விலை வித்தியாசம் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விளம்பரத்தில் 'ஆன்-டை இசிசி' (சிப்புக்குள் மட்டும் நடக்கும் திருத்தம்) என்று மட்டும் போட்டிருந்தால் அது சாதாரண ரேம்.

கேள்வி: குறைந்த செலவில் புதிதாக ஒரு கணினி கட்ட விரும்புகிறேன். எந்த பிராசஸர், எந்த மதர்போர்டு?

பதில்: புதிதாகக் கட்டுபவருக்கு ஏஎம்டி ரைசன்தான் மலிவான வழி. ஆனால் ரைசன் என்று பெயர் இருந்தால் போதாது. எந்த ரகம் என்று பார்க்கவேண்டும்.

ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசஸர் உட்காரும் இடத்தின் ரகம்), கிராபிக்ஸ் இல்லாத வழக்கமான மாடல்கள் (3600, 5600, 5700எக்ஸ், 5900எக்ஸ் போன்றவை) இசிசியை ஏற்கும். கிராபிக்ஸ் உள்ள, பெயரின் கடைசியில் 'ஜி' வரும் மாடல்களில் 'புரோ' என்று பெயரில் இருப்பவை மட்டும்தான் ஏற்கும். 5650ஜி-யில் புரோ உண்டு, அது சரி. புரோ இல்லாத 5600ஜி-யில் இசிசி பலகை ஓடும், ஆனால் திருத்தம் நடக்காது. இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது: ரைசன் 5500, எக்ஸ் இல்லாத 5700, 4500, 4100. இவற்றின் பெயரில் 'ஜி' இல்லை, பார்க்க வழக்கமான மாடல் போலவே இருக்கும். உள்ளே இருப்பதோ கிராபிக்ஸ் அணைக்கப்பட்ட 'ஜி' ரகச் சிப். விலை குறைவாக இருக்கிறதே என்று இசிசிக்காக இவற்றை வாங்காதீர்கள்.

ஏஎம்5-லும் இதே கதைதான். 7600, 7700, 9600எக்ஸ் போன்றவற்றில் சிறிய கிராபிக்ஸும் உண்டு, இசிசியும் உண்டு. 8500ஜி, 8600ஜி, 8700ஜி ஆகியவற்றில் புரோ இல்லாவிட்டால் இல்லை. 8400எஃப், 8700எஃப் இரண்டும் அதே குடும்பம், ஆகவே அவையும் வேண்டாம்.

அடுத்தது மதர்போர்டு. சிப்செட் (போர்டின் துணைச் சிப்) பி450-ஆ, பி550-ஆ, எக்ஸ்570-ஆ என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் நினைவகக் கட்டுப்படுத்தி பிராசஸரில் இருக்கிறது. கூடுதல் பிட்டுகளுக்கான கம்பித் தடம் போர்டில் வரையப்பட்டிருக்கிறதா, பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டில் உள்ள நிரல்) அதை இயக்குகிறதா என்பவைதான் கேள்வி. ஏஎஸ்ராக், ஆசஸ் இரண்டும் பல போர்டுகளின் விவரப் பக்கத்தில் இசிசியை வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றன. கிகாபைட் சிலவற்றில் குறிப்பிடுகிறது. விவரப் பக்கத்தில் எழுதியிருப்பதை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். 'இசிசி பலகைகளை இசிசி அல்லாத நிலையில் ஏற்கும்' என்ற வாசகத்துக்கு, பலகையைச் செருகினால் கணினி தொடங்கும் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அதே பக்கத்தில் 'புரோ பிராசஸருடன் மட்டும்' என்ற சிறு எழுத்துக் குறிப்பும் இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் ஒரு போர்டில் இசிசி இருப்பதால் அதே நிறுவனத்தின் இன்னொரு போர்டிலும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

வாங்கும் வரிசையும் முக்கியம். முதலில் போர்டைத் தேர்ந்து, அதன் கையேட்டையும் பரிசோதிக்கப்பட்ட நினைவகப் பட்டியலையும் இறக்கிப் படியுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள இசிசி பலகை எது கிடைக்கிறது என்று பாருங்கள். கடைசியில் பிராசஸர். பலரும் தலைகீழாகப் போகிறார்கள்.

சிக்கனமான ஒரு சேர்க்கை: ரைசன் 5 5600, இசிசி என்று விவரப் பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு பி550 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4-3200 இசிசி பலகை இரண்டு, எங்காவது கிடக்கும் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று. கார்டுக்கு இடமோ மின்சாரமோ வீணாகக் கூடாது என்றால் 5600-க்குப் பதில் ரைசன் 5 புரோ 5650ஜி. கோப்புகளை வைத்திருக்க எப்போதும் ஓடும் கணினிக்கு இரண்டாவதே எங்கள் தேர்வு. கிராபிக்ஸ் எதுவுமே இல்லாவிட்டால் தொடங்க மறுக்கும் போர்டுகளும் இருக்கின்றன.

ஏஎம்5-க்குப் போகிறவர்கள் இரண்டு பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு போட்டால் அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு இறங்கிவிடும். முதல் முறை இயக்கும்போது திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். நினைவகத்தைப் பழக்கிக்கொள்கிறது. பயந்து மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என்னிடம் இன்டெல் ஐ7 இருக்கிறது. ரேமை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: அனேகமாகப் போதாது. இன்டெல் பல வருடங்களாக இசிசியைத் தொழில்முறைச் சரக்காக ஒதுக்கியே வைத்திருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இதற்காக இன்டெல்லைக் கடுமையாகவே சாடினார்.

பழைய தலைமுறைகளில் ஒரு விநோதம் உண்டு. விலை அதிகமான ஐ5, ஐ7-இல் இசிசி கிடையாது. ஆனால் மலிவான பென்டியம், ஐ3-இல் உண்டு! ஐ3-6100, ஐ3-7100, ஐ3-8100, ஐ3-9100 எல்லாம் ஏற்கும். ஒரே நிபந்தனை, சிப்செட் 'சி' எழுத்தில் தொடங்கவேண்டும். 6, 7-ஆம் தலைமுறைக்கு சி232 அல்லது சி236, 8, 9-க்கு சி246. சாதாரண எச், பி, இசட் போர்டுகளில் அதே ஐ3 இருந்தாலும் பயனில்லை.

12-ஆம் தலைமுறையிலிருந்து ஐ5, ஐ7, ஐ9-இல் பல மாடல்களுக்கு இசிசி வந்துவிட்டது, ஐ5-12500 ஓர் உதாரணம். ஆனால் டபிள்யூ680 சிப்செட் உள்ள போர்டு வேண்டும், அவற்றின் விலை சாதாரணப் போர்டைவிட நன்றாகவே கூடுதல். பிராசஸரில் மிச்சம் பிடித்ததைப் போர்டில் விட்டுவிடுவீர்கள். இன்டெல்லின் தயாரிப்பு விவரப் பக்கத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் இசிசி ஆதரவு என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: பழைய சர்வரிலிருந்து எடுத்த இசிசி ரேம் பாதி விலைக்குக் கிடைத்தது. ஸ்லாட்டில் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் கணினி தொடங்கவே மாட்டேன் என்கிறது. பலகை பழுதா?

பதில்: பழுதாக இருக்காது. நீங்கள் வாங்கியது ரெஜிஸ்டர்ட் ரேம், சுருக்கமாக ஆர்டிம். பிராசஸருக்கும் சிப்புகளுக்கும் நடுவே கட்டளைகளை வாங்கி அனுப்பும் ஒரு ரெஜிஸ்டர் சிப் அதில் இருக்கும். வீட்டுப் பிராசஸர்கள் அதோடு பேசாது. அவற்றுக்கு வேண்டியது ரெஜிஸ்டர் இல்லாத, ஆனால் இசிசி உள்ள ரகம்: இசிசி யூடிம். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் ஆர்டிம், யூடிம் ஆகியவற்றின் வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் எதுவும் எதிலும் பொருந்திவிடும். டிடிஆர்5-ல் வெட்டை இடம் மாற்றிவிட்டார்கள், தவறானது உள்ளே போகாது. சர்வர்களைக் கழிக்கும்போது ஆர்டிம் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருவதால்தான் அவ்வளவு மலிவு. யூடிம் குறைவாகவே வரும், விலையும் இறங்காது.

பலகையைக் கையில் வைத்துக்கொண்டு அடையாளம் காண மூன்று வழிகள்:

லேபிளில் 'பிசி4-2400டி' போன்ற வேகக் குறிப்பை அடுத்து ஒரு கோடு, பிறகு ஓர் எழுத்து. 'இ' என்றால் இசிசி யூடிம். 'ஆர்' என்றால் ரெஜிஸ்டர்ட். 'எல்' அதைவிடக் கனமான சர்வர் ரகம். 'யூ' சாதாரண ரேம்.

பாகக் குறியீடு. சாம்சங் டிடிஆர்4-ல் எம்391 என்று தொடங்கினால் இசிசி யூடிம், எம்393 ஆர்டிம், எம்378 சாதாரணம். டிடிஆர்5-ல் எம்324 உங்களுக்கு, எம்321 சர்வருக்கு. எஸ்கே ஹைனிக்ஸ் குறியீட்டின் நடுவில் 'யூ7' வந்தால் இசிசி யூடிம், 'யூ6' சாதாரணம், 'ஆர்7' ரெஜிஸ்டர்ட். விற்பவர் தலைப்பில் என்ன எழுதினாலும் லேபிளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சிப்புகளை எண்ணுவது. டிடிஆர்4 இசிசி யூடிமில் ஒரு பக்கத்துக்கு 9 பெரிய கறுப்புச் சிப்புகள்; சாதாரணத்தில் 8. நடுவில் வேறு வடிவத்தில் இன்னொரு பெரிய சிப் இருந்தால் அது ரெஜிஸ்டர். மிகச் சின்னதாக ஒன்று இருக்கும், பலகையின் விவரங்களைச் சேமிக்கும் சிப் அது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கையிலுள்ள ஆர்டிமைத் திருப்பித் தர முடியாவிட்டால், அதை ஏற்கும் பழைய ஒர்க்ஸ்டேஷன் (தொழில்முறை மேசைக் கணினி) வாங்குவது பற்றிக் கீழே ஒரு பதில் இருக்கிறது.

கேள்வி: இசிசி ரேமோடு சாதாரண ரேம் ஒன்றையும் சேர்த்துப் போடலாமா?

பதில்: போட்டால் ஒன்று தொடங்காது, அல்லது எல்லாவற்றுக்கும் இசிசி அணைந்துவிடும்.

கேள்வி: எல்லாம் வாங்கிப் பொருத்திவிட்டேன். இசிசி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வீட்டு இசிசியில் இதுதான் உண்மையான வேலை. பெரும்பாலோர் பாதியிலேயே திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

முதல் படி, பயாஸ். பதிப்பைப் புதுப்பித்துவிட்டு இசிசி அமைப்பைத் தேடுங்கள். ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் அது ஏஎம்டி சிபிஎஸ் என்ற பிரிவுக்குள், யூஎம்சி, டிடிஆர்4, காமன் ராஸ் என்று ஆழமாகப் புதைந்திருக்கும். 'ஆட்டோ' என்றிருந்தால் 'எனேபிள்ட்' ஆக்குங்கள். 'பிளாட்ஃபார்ம் ஃபர்ஸ்ட் எர்ரர் ஹேண்ட்லிங்' என்ற அமைப்பு கண்ணில் பட்டால் அதை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் பிழைச் செய்தியைப் பயாஸ் தானே விழுங்கிவிடும், இயங்குதளத்துக்குத் தராது.

இரண்டாம் படி, இயங்குதளம் என்ன சொல்கிறது. விண்டோஸில் பவர்ஷெல் வழியாக வின்32 பிசிகல் மெமரி அரே என்ற தகவல் தொகுப்பைக் கேட்டால், மெமரி எர்ரர் கரெக்ஷன் என்ற வரியில் ஓர் எண் வரும்: 3 என்றால் இல்லை, 5 என்றால் ஒரு பிட் இசிசி, 6 என்றால் பல பிட் இசிசி. லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை இதையே சொற்களில் சொல்லும். கூடவே பலகையின் மொத்த அகலம் 72, தரவு அகலம் 64 என்று காட்டும் (டிடிஆர்5-ல் எண்கள் மாறலாம், மொத்தம் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள்). இவையெல்லாம் பயாஸ் எழுதி வைத்த அட்டவணையிலிருந்து படிப்பவை என்பதை மறக்கக் கூடாது. பயாஸ் தவறாக எழுதியிருந்தால் தவறாகவே வரும். அகல எண்ணோ பலகையைப் பற்றியது மட்டும், கட்டுப்படுத்தி அதைப் பயன்படுத்துகிறதா என்று அது சொல்லாது.

மூன்றாம் படி, நினைவகக் கட்டுப்படுத்தியையே கேட்பது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஈடாக் என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது. கணினி தொடங்கிய பதிவுகளில் ஈடாக் என்று தேடுங்கள். ஏஎம்டியில் ஏஎம்டி64 ஈடாக் என்ற டிரைவர் ஏறி, இசிசி இயங்குகிறது என்று எழுதியிருக்கவேண்டும். புதிய பிராசஸருக்குப் பழைய கெர்னல் என்றால் இந்த டிரைவர் ஏறாது. அதை வைத்து இசிசி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கெர்னலைப் புதுப்பித்துவிட்டுப் பாருங்கள். பிறகு ராஸ்டீமன் என்ற சேவையை நிறுவுங்கள். அது ஒவ்வொரு பிழையையும் நேரத்தோடும் பலகையின் இடத்தோடும் ஒரு தரவுத்தளத்தில் சேர்த்துவைக்கும். விண்டோஸில் நிகழ்வுப் பதிவில் வியா-லாகர் என்ற பெயரில், 47 என்ற எண்ணோடு திருத்தப்பட்ட நினைவகப் பிழைகள் வரும்.

நான்காம் படி, வேண்டுமென்றே பிழையை வரவழைப்பது. இதைச் செய்யாதவரை மற்ற எல்லாம் அனுமானம்தான். முதலில் தரவு வட்டுகள் எல்லாவற்றின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இயங்குதளத்தை யூஎஸ்பி குச்சியிலிருந்து ஓட்டுங்கள். பயாஸில் ரேமின் வேகத்தை ஒரு படி உயர்த்துங்கள், உதாரணமாக 2666 பலகையை 2933-ல், நேர அளவுகளை மாற்றாமல். வெளியே வந்து நினைவகத்தை வருத்தும் சோதனை நிரல் ஒன்றை ஓட்டிவிட்டு ஈடாக் கணக்கைப் பாருங்கள். பிழை எதுவும் வரவில்லையென்றால் இன்னொரு படி உயர்த்துங்கள், அல்லது நேர அளவுகளில் ஒன்றைக் குறையுங்கள். ஓரிடத்தில் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கும், சோதனை நிரலோ எதுவும் தவறாகப் பார்க்காது. அந்த நிலைதான் நிரூபணம். சோதனை நிரலே தவறுகளைக் காட்டி, ஈடாக் எண் பூஜ்யத்திலேயே நின்றால் இசிசி உங்களிடம் வேலை செய்யவில்லை. அதிகமாக உயர்த்தினால் கணினி தொடங்காது. அப்போது மின்சாரத்தை எடுத்துவிட்டு, கையேட்டில் உள்ளபடி சிமாஸ் (சேமிக்கப்பட்ட பயாஸ்) அமைப்புகளை அழித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பலகையின் தங்கக் கால்களில் இரண்டைக் கம்பியால் இணைத்துப் பிழை வரவழைக்கும் வழியும் புழக்கத்தில் இருக்கிறது. வேண்டாம். பக்கத்துக் காலைத் தொட்டால் பலகையோடு போர்டும் போகலாம்.

எல்லாம் முடிந்ததும் வேகத்தை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனை நிரலை ஒரு முழு இரவு ஓட்டிவிட்டு, அதன் பிறகு வட்டுகளைச் செருகுங்கள். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று வரை ஓடும், அது போதும்.

கேள்வி: கணக்கில் ஒரே ஒரு பிழை வந்திருக்கிறது. ரேமை மாற்றிவிடவா?

பதில்: ஒன்றுக்காக மாற்றவேண்டாம். தேதியைக் குறித்துவைத்துக் கவனியுங்கள். ஒரே பலகையில் மறுபடி மறுபடி வந்தால், அதுவும் ஒரே முகவரிக்குப் பக்கத்தில் என்றால், சிப் போய்க்கொண்டிருக்கிறது. கணினியை அணைத்து, பலகையை எடுத்து, கால்களை நூல் விடாத துணியால் துடைத்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். தூசியோ சரியாக உட்காராததோ காரணமாக இருந்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் இரண்டு பலகைகளையும் இடம் மாற்றுங்கள். பிழை பலகையோடு போனால் பலகை. ஸ்லாட்டிலேயே தங்கினால் போர்டு அல்லது பிராசஸர். பிராசஸரின் அடியில் ஒரு கால் சரியாகத் தொடாமல் இருப்பதும் உண்டு. வெப்பத்தட்டை ஒரு பக்கமாக இறுக்கினாலும் அப்படி ஆகும்.

திருத்த முடியாத பிழை ஒன்று வந்தாலும் தாமதிக்காமல் அந்தப் பலகையைக் கழற்றுங்கள். உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது ராஸ்டீமன் பதிவைச் சேர்த்து அனுப்பினால் வாதம் குறையும்.

கேள்வி: இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைப் பயன்படுத்தினால் இசிசி கட்டாயம், இல்லாவிட்டால் மொத்த வட்டும் அழிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: மிகைப்படுத்தல். இசிசி இல்லாத கணினியில் மற்ற கோப்பு முறைகளுக்கு உள்ள ஆபத்துதான் இசட்எஃப்எஸ்ஸுக்கும், அதைவிடக் கூடுதலாக எதுவும் இல்லை. வட்டில் கெட்டதை அது கண்டுபிடிக்கும். ஆனால் சரிபார்ப்புத் தொகை (தரவு கெட்டதா என்று பிறகு பார்க்க உதவும் எண்) போடுவதற்கு முன்பே ரேமில் கெட்டுவிட்டால், கெட்டதற்கே முத்திரை குத்தி வைத்துவிடும். வட்டைக் காக்க இவ்வளவு சிரமப்படுகிறவர் ரேமை விட்டுவைப்பானேன் என்பது நியாயமான வாதம். அவ்வளவுதான்.

கேள்வி: இசிசி ரேம் மெதுவானதாமே? விளையாட்டுக்கு ஆகுமா?

பதில்: சோதனை பிட்டால் வரும் தாமதம் கையில் தெரியாது. வேறுபாடு பலகையின் வேகத்தில் இருக்கிறது. இசிசி யூடிம்கள் பெரும்பாலும் தரநிலை வேகத்திலேயே வருகின்றன: டிடிஆர்4-ல் 3200, சிஎல்22 (சிஎல் என்பது தாமத அளவு), 1.2 வோல்ட். விளையாட்டுக்காரர்களின் பலகைகள் 3600, சிஎல்16 என்று போகும். விளையாட்டில் அது தெரியும். கோப்பு சேமிப்பு, நிரல் தொகுப்பு, படத்தொகுப்பில் பெரிதாகத் தெரியாது.

கேள்வி: பழைய ஒர்க்ஸ்டேஷன் வாங்கினால் மலிவாக முடியுமா?

பதில்: முடியும், பல நேரம் இதுதான் எல்லாவற்றிலும் மலிவு. எச்பி இசட்240, டெல் பிரிசிஷன் 3620, லெனோவோ திங்க்ஸ்டேஷன் பி310 ஆகியவை டிடிஆர்4 இசிசி யூடிம் ஏற்பவை; நான்கு ஸ்லாட், 64 ஜிபி வரை. அவற்றுக்கு முந்திய எச்பி இசட்230, டெல் டி1700 டிடிஆர்3, 32 ஜிபி வரை. கையில் ஆர்டிம் வைத்திருக்கிறவர்களுக்கு எச்பி இசட்440, டெல் 5810 பொருந்தும். ஆனால் அவை சும்மா இருக்கும்போதே கூடுதல் மின்சாரம் குடிக்கும், நாள் முழுதும் ஓடும் கணினிக்கு யோசித்து வாங்குங்கள்.

கவனிக்கவேண்டியது: இசட்240, 3620 போன்றவை இன்டெல்லின் தொழில்முறை ரகமான ஜியான் பிராசஸரோடும் விற்கப்பட்டன, ஐ5, ஐ7-ஓடும் விற்கப்பட்டன. ஒரே பெட்டி, ஒரே ஸ்டிக்கர். உள்ளே ஐ7-6700 இருந்தால் இசிசி கிடையாது. விற்பவரிடம் பிராசஸர் பெயரைக் கேளுங்கள். ஐ7 உள்ள பெட்டி மிக மலிவாகக் கிடைத்தால், ஐ3-6100 ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டும் இசிசி பெறலாம், நான்கு கோர் இரண்டாகக் குறையும் என்பதுதான் விலை. இன்னொன்று, இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை இணைப்பிகள் பல அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. சப்ளை போனால் கடையில் கிடைக்கும் சாதாரணமானது நேராகப் பொருந்தாது. வாங்கும்போதே மாற்று சப்ளையோ மாற்றிக் கேபிளோ கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மடிக்கணினி, மினி கணினிகளில் வழியே இல்லையா?

பதில்: மடிக்கணினியில் ஒர்க்ஸ்டேஷன் ரகங்கள் சிலவற்றில் மட்டும் உண்டு; சிக்கனம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. மினி கணினிகளில் ஒரு குறுக்கு வழி உண்டு. இன்டெல்லின் சில சிறிய பிராசஸர்களில் 'இன்-பேண்ட் இசிசி' என்ற வசதி இருக்கிறது. சாதாரண ரேமையே பயன்படுத்தி, அதில் 32-ல் ஒரு பங்கைச் சோதனை பிட்டுகளுக்காக ஒதுக்கிக்கொள்ளும். 32 ஜிபி போட்டால் 31 மிஞ்சும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் படிக்கும்போதும் கூடுதல் நினைவகப் பயணம் தேவைப்படுவதால் வேகம் குறையும், கிராபிக்ஸ் வேலையில் அதிகமாகத் தெரியும். பிராசஸரில் வசதி இருந்தாலும் பயாஸில் அந்த அமைப்பைத் திறந்துவைக்கும் தயாரிப்பாளர்கள் சிலரே. ஓட்ராய்டு-எச்4 அப்படித் திறந்துவைத்த போர்டுகளில் ஒன்று. லினக்ஸில் ஐஜென்6 ஈடாக் என்ற டிரைவர் ஏறினால் மேலே சொன்ன அதே கணக்குகளை அங்கேயும் பார்க்கலாம். கோப்புகளை மட்டும் வைத்திருக்கும் சிறு பெட்டிக்கு அந்த வேகக் குறைவு பொருட்டில்லை, ஆகவே அமைப்பு பயாஸில் இருந்தால் போட்டுவிடுங்கள்.